பெரியப்பாவின் பெட்டியில் பெய்த மழை

நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் அது. அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியும். மாதம் எது என்பதில்தான் எனக்கும் பெரியம்மாவுக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை. தோட்டத்துக் கோயிலில் கூழ் ஊற்றிய பிறகு என்கிறேன் நான். அதற்கு முன்பே என்கிறார் அவர். நடந்தவற்றை நாள் கிழமையோடு குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் பின்னால் வந்ததுதான். ஆகவே, கொட்டகலைக்கும் வட்டகொடைக்கும் நடுவே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த நீண்ட வரிசை வீட்டில், இரண்டு ஹோன் ஒலிபெருக்கிப் பெட்டிகள் வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை என்பதை மட்டும் எழுதிக்கொண்டு தொடங்குகிறேன். பரீட்சை வகுப்புக்குப் போகாமல் அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றதற்காக அம்மாவிடம் அடி வாங்கினேன். அதனால் கிழமை மறக்கவில்லை.

பெட்டிகளை வாங்கியவர் என் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் இயந்திரத்தில் வேலை. லயத்து வரிசையில் எங்கள் வீடு மூன்றாவது காம்பரா, அவருடையது நான்காவது. ஹட்டனில் எப்போதோ மூடிப்போன ஒரு படமாளிகையின் திரைக்குப் பின்னால் நின்ற பெட்டிகள் அவை. ஒவ்வொன்றும் என் உயரத்துக்கு மேல் இருந்தது. மேல்பாதியில் பெரிய பூசணிப்பூ விரிந்த மாதிரி ஒரு வாய், அதுதான் ஹோன். கொழுந்து லொறியில் வந்த அவற்றை நாலு பேர் சேர்ந்து, நிலைக்கதவைக் கழற்றி உள்ளே நுழைத்தார்கள். ஒன்று சாமி படத் தட்டுக்குக் கீழே நின்றது. மற்றது வீட்டின் ஒரே ஜன்னலை முழுதாக மறைத்துக்கொண்டது. பெரியம்மா அன்று முதல் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் அரிசி பொறுக்கினார்.

"வெளிச்சத்த அடச்சிட்டு அப்படி என்னத்தக் கேக்கப் போறீங்களாம்?"

"பாட்டு" என்றார் பெரியப்பா, லயம் முழுவதற்கும் கேட்கும்படி. அவர் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு பெட்டிகளுக்கும் திருநீற்றுப் பட்டை போட்டு, தொழிற்சாலையில் இயந்திரங்களைக் காக்கும் ரோதை முனிக்கு வைப்பது போலவே வெற்றிலையில் ஒரு கற்பூரம் ஏற்றினார்.

பெரிய பெட்டிக்குப் பெரிய ஆம்ப்ளிபையர் வேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கொட்டகலையில் திருவிழாக்களுக்குச் செட் கட்டுகிற ஒருவரிடமிருந்து, இரண்டு பேர் தூக்கவேண்டிய ஓர் ஆம்ப்ளிபையரைக் கொண்டுவந்து பூட்டினார். அதன் முகத்தில் இருந்த திருகியை மயிரிழை அளவு தொட்டால் போதும், சாமி படங்கள் ஆணியில் ஆடின. அதற்கு மேல் திருக ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. முழுவட்டம் சுற்றக்கூடிய திருகி ஒன்றை வைத்துவிட்டு, அதைத் தொடாதே என்று ஏன் சொல்கிறார்கள் என்பது என் முதல் குழப்பம்.

இரண்டாவது குழப்பம் இன்னும் பெரியது. பாட்டு எதுவும் ஓடாமல் செட்டை மட்டும் போட்டால், பெட்டிகளிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஓயாத ஓர் இரைச்சல் வந்தது. தகரக் கூரையில் தூறல் விழுகிற அதே சத்தம். அம்மாவுக்குக் கேட்டது, அப்பாவுக்குக் கேட்டது, எனக்கும் கேட்டது. பெரியப்பா மட்டும், "எந்த இரைச்சல்?" என்று கேட்டுவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். காது விஷயத்தில் தோட்டத்திலேயே அவருக்குத்தான் பெயர். ரோலர் கொஞ்சம் மாறி ஓடினாலும் எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். சாப்பாடு கொண்டுபோகும்போது நானே பார்த்திருக்கிறேன். உள்ளங்கையை இயந்திரத்தின் மேல் அழுத்திவைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். கையால் எதைக் கேட்கிறார் என்று நான் யோசித்ததில்லை.

லயத்தில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர்கள் கூரைவரை போவதில்லை. தகரத்துக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வெளி. ஒரு வீட்டில் தாளித்தால் எல்லா வீட்டிலும் இருமுவார்கள். பெரியப்பாவோ காலையில் விடிவதற்கு முன்பே எழுந்து, சாமிப் பாட்டுப் போடுவதற்காகச் செட்டைப் போட்டுவிட்டு, அது சூடாகட்டும் என்று முகம் கழுவப் போய்விடுவார்.

அப்படி ஒரு காலையில் அடுத்த காம்பரா அத்தை, வெளியே மழை என்று நினைத்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, தலைக்குப் பொலித்தீனைச் சுற்றி, கூடையையும் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அவரைப் பார்த்து அதற்கடுத்த வீட்டிலும் கட்டினார்கள். முன்வாசல் இஸ்தோப்பில் இறங்கிப் பார்த்தால் வானத்தில் நட்சத்திரம். அவிழ்த்துக் கட்ட நேரமில்லாமல் அப்படியே காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய் நின்றிருக்கிறார்கள். "என்ன தங்கச்சி, வானம் ஒங்களுக்கு மட்டும் தனியா கடுதாசி போட்டுச்சா?" என்று கங்காணி கேட்டாராம். களமே சிரித்ததாம்.

அன்று சாயங்காலம் அத்தை இஸ்தோப்பில் வந்து நின்றார்.

"அண்ணே, ஒங்க பெட்டியில மழ பெய்யுது. ஒண்ணு அதுக்குக் கூர போடுங்க, இல்லன்னா எனக்குக் கூர போடுங்க."

"என் பெட்டியில பாட்டுத்தான் வரும். மழ ஒன் காதுல பெய்யுது."

"அப்ப இந்த லயத்துக்கே காது கெட்டுப்போச்சா?"

பெரியப்பா வீம்பாக உள்ளே போய்ச் செட்டைப் போட்டார். இரைச்சல் கூரைக்குக் கீழே ஓடி எல்லாக் காம்பராவுக்கும் போனது. "எங்க? காட்டு பாப்போம், எங்க?" என்று கைகளை விரித்துக்கொண்டு நடுவில் நின்றார். சுற்றி நின்ற பொடியன்கள் முதலில் சிரித்தார்கள். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவன் மட்டும் சிரிக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தையும் கொஞ்ச நேரத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பினார். சண்டையில் ஜெயித்துக்கொண்டிருந்தவர் ஏன் நடுவில் விட்டுவிட்டுப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

கதை தொழிற்சாலைக்குப் போய்விட்டது. தொழிற்சாலைக்குப் பொறுப்பானவரை டீமேக்கர் ஐயா என்போம். அப்போது இருந்தவர் புதிதாக வந்தவர். ரோலரில் நிற்பவனுக்குக் காது சரியாக இருக்கவேண்டும், சத்தம் மாறினால் அந்த நிமிடமே நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் யாருக்காவது கை போய்விடும் என்பது அவருடைய சட்டம். காது மந்தமான ஒருவரை ஏற்கெனவே மலையில் மழைத்தண்ணீர்க் கானு வெட்ட அனுப்பியிருந்தார். பெரியம்மா அடுப்படியில் அம்மாவிடம் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது.

"இருவது வருசத்துக்கு மேல அந்த மெசினோட நின்ன மனுசன். இனிமே மம்பட்டிய எடுத்துக்கிட்டு மலைக்குப் போன்னா போவாரா? மூச்சு முட்டியே செத்துருவாரு. ஞாயித்துக்கெழம டீமேக்கர் ஐயா இங்கயே வாறாராம், செட்டப் பாக்க."

"செட்டையா பாக்க வாறாரு?" என்றார் அம்மா.

பெரியம்மா குனிந்து அடுப்பை ஊதினார். பெட்டியில் இரைச்சல் இருந்தால் பெரியப்பாவுக்கு வேலை போய்விடும் என்று நான் விளங்கிக்கொண்டேன். ஒரு வீட்டுப் பெட்டியின் இரைச்சலுக்கும் தொழிற்சாலை வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டுப் பார்த்தேன். "ஒனக்குப் பரீட்ச இருக்கில்ல? போய்ப் படி" என்றார்கள்.

மறுநாள் பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கொட்டகலைக்குப் பஸ் ஏறினார். கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருந்தார், எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் போனபோது குனிந்து எதற்கோ ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "எத்தன வாட் கட்டியிருக்கீங்க அண்ணே?" என்றார். பெரியப்பா சுவரில் தொங்கிய மணிக்கூடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானா மறுபடி கேட்டார். பெரியப்பா மணிக்கூடுகளையே பார்த்தார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்றாலும், யாராவது பதில் சொல்லவேண்டுமே என்று நான்தான், "எரநூறுன்னு எழுதியிருக்குங்க" என்றேன். நானா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். கையிலிருந்ததை வைத்துவிட்டு எழுந்து வந்து அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் வாயை நன்றாகத் திறந்துதான் பேசினார்.

"அது வீட்டுக்குச் செஞ்ச சாமான் இல்ல அண்ணே. ஒரு பட ஹோல் நெறைய ஆள் இருந்தாலும் கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்னு செஞ்சது. அதுக்கு ஒரு வாட் குடுத்தாலே ஒங்க லயம் முழுக்கப் பாடும்."

"ஒரு வாட்டா?"

"ஒண்ணுதான். எந்த ஆம்ப்ளிபையரும் சும்மா இருக்கறப்ப கொஞ்சம் மூச்சு விடும். சாதாரண பெட்டியில அது வெளிய தெரியாது. இந்த ஹோன் அந்த மூச்சையும் பாட்டுன்னு நெனச்சு ஊருக்கே சொல்லிருது. ஆம்ப்ளிபையர் பெருசாக ஆக மூச்சும் பெருசு."

உள்ளே போய், அரை றாத்தல் பாண் ரொட்டி அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றி அவரே கட்டிய ஆம்ப்ளிபையர். மேலே இரண்டு கண்ணாடிக் குமிழ்கள். பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்னா நானா, கொசு மாதிரி இருக்கு."

"ஒங்களுக்குக் கொசுதான் அண்ணே வேணும். ஆனையக் கட்டித்தான் இவ்வளவு பாடு."

ஹோனுக்குப் பின்னால் என்ன எண் போட்டிருக்கிறது என்று நானா கேட்டார். பதினாறு என்றேன். அந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் இருந்த மூன்று முனைகளில் கடைசியைக் காட்டி, "பதினாறு ஓம்னா இதுலதான் கட்டணும். மத்ததுல கட்டுனா ரெண்டுக்கும் சரிவராது" என்று சொல்லிவிட்டு, அதன் மேல் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டினார். நாங்கள் புறப்படும்போது என் தலையில் கைவைத்து, "மகள், நீங்க பக்கத்துலயே இருங்க" என்றார். பஸ்ஸில் தொலைந்துபோகாமல் இருக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் சாயங்காலம்தோறும் எனக்குப் படிப்பு இல்லை. நான் பெரியப்பாவுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்து அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்ளவேண்டும். மழைச் சத்தம் வந்தால் ஒரு இழு. வராவிட்டால் சும்மா இருக்கவேண்டும். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள பாப்பா, பெரியம்மாக்கிட்டகூடச் சொல்லாத" என்றார். எனக்குத்தான் காதுப் பரீட்சை வைக்கிறார் என்று நம்பி மிகக் கவனமாக இருந்தேன். முதல் நாள் பெட்டி ஒரு வண்டு போல முரன்றது. அது மழையா இல்லையா என்று தெரியாமல் பாதி இழுத்தேன். அவர் ஒரு வயரைக் கழற்றி வேறிடத்தில் கட்டினார். முரலல் நின்றது. நானும் சும்மா இருந்தேன். அவர் என் விரல்களைக் குனிந்து பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். கண்ணாடிக் குமிழ்களுக்குள் இரண்டு சிவப்புப் பொட்டுகள் எரிந்தன. "நீதான் பாஸு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குப் புலமைப்பரிசிலே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு டீமேக்கர் ஐயா வந்தார். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் கூட வந்தார். ஐயா கறுப்புக் குடையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பெரியம்மா கதிரையைத் துடைத்துப் போட்டுத் தேநீர் கொடுத்தார். அடுத்த காம்பரா அத்தையும் மற்றவர்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சின்ன வயசுல அந்த ஹோல்லதான் படம் பாத்தது. இந்தச் சத்தத்தக் கேட்டு எவ்வளவு காலம்" என்றார் ஐயா. ஆனால் பெட்டிகளைவிடப் பெரியப்பாவைத்தான் அதிகம் பார்த்தார்.

பெரியப்பா பாட்டுப் போடாமல் செட்டை மட்டும் போட்டார். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு வீடு தள்ளி ஒரு குழந்தை தும்மியதுகூடக் கேட்டது. ஐயா எழுந்துபோய் ஹோனின் வாய்க்குள் காதை வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அத்தை, "அடேயப்பா, மழ விட்டுருச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சட்டை நுனியை அசைக்காமல் பிடித்திருந்தேன்.

பிறகு ஒரு பழைய பாட்டு. அந்தக் கொசு அப்படிப் பாடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பாடுகிறவர் அடுத்த வரிக்கு முன்னால் மூச்சை இழுப்பதுகூடத் தெரிந்தது. திருகி பாதிக்கு வந்திருந்தது, சாமி படங்கள் ஆடவில்லை. பெரியப்பா உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். தலைவர், "பாத்தீங்களா ஐயா, எப்படிப் பூட்டியிருக்காரு" என்றார். ஐயாவும் தலையாட்டினார். பாட்டு முடிந்தது. ஐயா தேநீர்க் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. மெல்லியதாக, ஓயாமல், முன்பு வந்த அதே இரைச்சல். ஜன்னலைப் பெட்டி மறைத்திருந்தது, வாசலை ஆட்கள் மறைத்திருந்தார்கள். சத்தம் மேலிருந்து வருகிறதா, ஹோனிலிருந்து வருகிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. மழைச் சத்தம் வந்தால் இழு. இழுத்தேன்.

பெரியப்பா சட்டென்று பெட்டிப் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் இருங்க ஐயா, ஒரு வயரு" என்று சொல்லி மண்டியிட்டார். திருகியைக் குறைத்தார். சத்தம் குறையவில்லை, நான் இழுத்தேன். வயரைக் கழற்றி மறுபடி கட்டினார். இழுத்தேன். அவர் கழுத்தில் வியர்வை வந்துவிட்டது. கடைசியில் சுவரிலிருந்து செருகியையே பிடுங்கினார். குமிழ்களின் சிவப்பு மெல்ல அணைந்தது. சத்தம் இன்னும் பலத்தது. நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். அவர் கையில் செருகியோடு திரும்பி என்னைப் பார்த்தார்.

"கரண்டையே எடுத்துட்டேனே. இன்னுமா வருது?"

 எல்லாரும் ஒருமுறை கூரையைப் பார்த்தார்கள். பிறகு மண்டியிட்டிருந்த பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

முதலில் வாயைத் திறந்தது அத்தைதான். பெரியப்பாவுக்கு முன்னால் வந்து நின்று, "நின்னுருச்சு அண்ணே" என்றார்.

"ஆமா, சுத்தமா நின்னுருச்சு" என்றார் தலைவர்.

"இல்ல பெரியப்பா, இன்னும்..." என்று நான் தொடங்கினேன். பெரியம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. வெங்காய வாசனை.

டீமேக்கர் ஐயா இன்னொருமுறை கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரும் குனிந்து, பெரியப்பாவின் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இப்ப சரி. நல்ல செட்டு. நாளைக்கு வழக்கம்போல ரோலருக்கு வந்துருங்க. ஒரு பொடியனையும் ஒங்ககூட நிக்கவிடுறேன். அவனும் வேல பழகட்டும்."

பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. செருகியைத் திரும்பச் செருகி, ஐயா போவதற்குள் இன்னொரு பாட்டுப் போட்டுவிடவேண்டும் என்று சீடிகளைப் புரட்டத் தொடங்கினார். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். பெரியம்மா என்னை விட்டதும் நானும் இஸ்தோப்புக்கு ஓடினேன். நான் இழுத்தது சரியா பிழையா என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

வெளியே மழைதான் பெய்துகொண்டிருந்தது. நிஜமான மழை. கொடியில் லயத்துத் துணியெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. தூறல் விழுந்தாலே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை "துணிய எடு, துணிய எடு" என்று கத்துகிற பெண்கள் ஒருவரும் கத்தவில்லை. அத்தை தன் சேலை நனைவதைப் பார்த்துக்கொண்டே கைகட்டி நின்றார்.

டீமேக்கர் ஐயா படியில் நின்று குடையை விரிக்கப் போனார். பிறகு திரும்பி, திறந்திருந்த கதவைப் பார்த்தார். உள்ளே பெரியப்பாவின் முதுகு தெரிந்தது, எந்த நிமிடமும் திரும்பலாம். ஐயா குடையை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி, வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்ட, அவசரப்படாமல் தேயிலைக்கு நடுவே நடந்து போனார்.

அவ்வளவு நல்ல குடை பழுதாகியிருக்கிறதே, சொல்லியிருந்தால் பெரியப்பாவே திருத்திக் கொடுத்திருப்பாரே என்று நினைத்துக்கொண்டு, அவர் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.